கல்கிசைக் கடிதங்களும் அப்பா தீவும்

கடலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் நான். ஆனால் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகும்வரை கடலில் கால் நனைத்ததில்லை. கீழக்கரையில் அப்போது பெண்கள் தெருவில் நடப்பதே அபூர்வம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவோம். அதற்கென்றே பெண்கள் மட்டும் நடக்கிற குறுகலான முடுக்குகள் இருந்தன. எங்கள் மாடி ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தால், எதிர்வீட்டு மாடிக்கும் அடுத்த வீட்டு மாடிக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரியும். எனக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான்.

மற்றபடி கடலைப் பற்றிய சேதியெல்லாம் எனக்குக் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். பிழைப்புக்காக அப்படிக் கடல் கடந்து போவதை எங்கள் ஊரில் ‘சபர்’ என்போம். வீட்டுக்கு வீடு ஆண்கள் சபரில் இருந்த காலம் அது. என் வாப்பா கண்டியில் இருந்தார். என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளையும் கொழும்பில்தான், என் வீட்டுக்காரர் இருந்த அதே கடையில். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்தவர்கள் இரண்டு பேரும் நாற்பது ஐம்பது நாள் இருந்துவிட்டு சபர் போய்விட்டார்கள். மிச்சம் வீட்டில் உம்மா, ராத்தா, நான். மூன்று பேருக்கும் தபால்காரர் வரும் நேரம் மனப்பாடம்.

எனக்கு அப்போது தமிழ் எழுத்து சரியாக வாசிக்க வராது. குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்து தெரியும். அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற வழக்கம் எங்களிடம் இருந்தது. அவரும் அப்படித்தான் எழுதுவார். சலாம் சொல்லி, உம்மாவின் சுகம் கேட்டு, இரண்டாவது பக்கத்தில் கடற்கரைக்கு வந்துவிடுவார்.

‘இங்கே கல்கிசை என்று ஒரு கரை இருக்கிறது. மணல், சீனியைக் கொட்டிப் பரப்பியது போல் அத்தனை வெள்ளை. உச்சி வெயிலிலும் சுடாது. தென்னை மரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து நிற்கின்றன. நேற்று ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டுக் காலாற நடந்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.’

கடைசி வரிக்காக முந்தைய வரிகளை மன்னித்தேன். முதல் கடிதத்துக்கு மட்டும். அடுத்த கடிதத்திலும் சீனி வந்தது. அதற்கடுத்ததில் சீனியோடு சாயங்கால வெயிலும் வந்தது. எட்டாவது கடிதத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நான் பொறுக்காமல் எழுதினேன்: ‘அங்கே நீங்கள் சீனியில் நடந்துகொண்டிருங்கள். இங்கே நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருக்கிறேன். நாலு தென்னை மரத்தையாவது தபாலில் அனுப்பி வையுங்கள்.’ பதில் கடிதத்தில் தென்னை மரங்கள் இரண்டு அதிகமாக இருந்தன. நான் கேலி செய்ததே அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நாலு மாத லீவில் வந்தார். தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அங்கிருந்து ரயிலில் ராமநாதபுரம், அப்புறம் பஸ். சோப்பு, தேயிலை டின், பிஸ்கட் டின், மாசிக் கருவாடு, ஒரு நீளக் குடை, காலில் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கறுப்பு பூட்ஸ். மூன்று நாள் மரியாதையாக இருந்துவிட்டு நான்காவது நாள் ஆரம்பித்தேன்.

“மச்சான், நம்ம ஊருலயும் கடல் இருக்குதாமே?”

“இருக்கு. அதுக்கு என்னா இப்ப?”

“ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுனாத்தான் என்னா?”

“இங்கன என்னா இருக்கு பாக்குறதுக்கு? சேறும் கருவாட்டு நாத்தமும். கல்கிசை மாதிரி வருமா?”

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பின்கட்டில். பின்வாசலில் மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடலோரக் குடியிருப்பைச் சேர்ந்த வேதக்கார அம்மா. கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். வாய் ஓயாது. கருவாட்டு நாற்றம் என்றதும் அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அப்பா தீவைப் பாத்திருக்காகளா அவுக? பச்சரிசி மாவைச் சலிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு மணலு. வெள்ளைக்காரன் கண்ணுல பட்டா வீடு கட்டிருவான்னு நாங்க வெளிய சொல்லுறது இல்ல. மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு வத்தை சும்மாத்தான் கெடக்கு.”

வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டுகிற நாட்டுப் படகு. அந்த நிமிஷமே எனக்குத் தீவு வேண்டும் என்றாகிவிட்டது. மீன்கார அக்காவும் கூட வருவதாகச் சொன்னார். இனி உம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

“பொம்பளைய கடலுக்குப் போறதா? ஊரு சிரிக்கும்,” என்றார் உம்மா முதல் நாள்.

இரண்டாம் நாள், அரிசி புடைத்துக்கொண்டே, “போக எம்புட்டு நேரம் ஆகுமாம்?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள், யாரும் ஒன்றும் கேட்காமலே, “தக்கடி செஞ்சு கொண்டு போனா சாயங்காலம் வரைக்கும் கெடாது,” என்றார். தக்கடி எங்கள் ஊர்க் கறிக் கொழுக்கட்டை. சரி, உம்மாவும் வருகிறார் என்று புரிந்துகொண்டேன். ஆனால் மாசி பிறந்து கடல் அடங்கட்டும் என்று வத்தைக்காரர் சொல்லியனுப்பியதால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம்.

உம்மா வருவதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் மருமகன் முன்னால் வரமாட்டார். நேருக்கு நேர் பேசியதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மாப்பிள்ளைக்கு இன்னொரு ஆப்பம் வேணுமான்னு கேளு,” என்பார். இவர் காதில் அது தெளிவாக விழும். இருந்தாலும் நான் திரும்பி, “இன்னொரு ஆப்பம் வேணுமா?” என்று கேட்க வேண்டும். அவர் “போதும்னு சொல்லு,” என்பார். உம்மா கதவுக்குப் பின்னால் தலையாட்டுவார். நான் மறுபடி, “போதுமாம்,” என்பேன். இப்படி இருக்கிற இரண்டு பேரை ஒரே படகில் எப்படி ஏற்றுவது? உம்மாவே வழி கண்டுபிடித்தார். என் கல்யாணத்துக்கு அறைவாசலில் கட்டிய பச்சைத் திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். படகுக்கு நடுவில் அதைக் கட்டிவிட்டால் தீர்ந்தது.

ராத்தாதான் வர மறுத்தாள். அவள் அப்போது ஒரு மாதிரியாக இருந்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தவறாமல் அவளுக்குக் கடிதம் வரும். என் வீட்டுக்காரர் லீவில் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரமும் அவளுக்கு ஒரு வரி வரவில்லை. தபால்காரர் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள், அப்புறம் மெல்ல உட்காருவாள். “காக்கா நல்லாத்தானே இருக்காக?” என்று ராத்தாவின் மாப்பிள்ளையைப் பற்றி இவரிடம் நான் கேட்டேன். அண்ணன் முறைக்காரரை நாங்கள் ‘காக்கா’ என்போம். “நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு,” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் குடையைத் தேடப் போய்விட்டார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

“நீ வரலேன்னா நானும் போகலை,” என்று உம்மா சொன்ன பிறகுதான் ராத்தா கிளம்பினாள்.

மாசி மாதம். கடல் அடங்கிக் கிடக்கிற காலம். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு, வெள்ளைத் துப்பட்டியால் உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு, முடுக்கு வழியாகக் கரைக்குப் போனோம். வத்தைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்திருந்தார். உம்மா முதலில் திரையைக் கட்டச் சொன்னார். பாய்மரத்துக்கும் பின்பக்கத்துக் கம்புக்கும் இடையில் கட்டினார்கள். பெண்கள் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் பூட்ஸும் குடையுமாக இன்னொரு பக்கம். மீன்கார அக்கா மட்டும் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

தரைக்காற்று வடக்கேயிருந்து தள்ள, படகு தெற்கே போனது. கொஞ்ச தூரத்தில் திரை காற்றைப் பிடித்து உப்பியது. படகு கோணலாக இழுத்தது. வத்தைக்காரர் சுக்கானோடு மல்லுக்கட்டினார்.

“உம்மா, நாங்க ஒரு வத்தைக்கு ஒரு பாய்தான் கட்டுறது,” என்றார். “இன்னைக்கு ரெண்டு பாயி. நீங்க அப்பா தீவுக்குப் போறியளா, இல்ல இலங்கைக்கே போறியளா?”

உம்மா பதில் சொல்வதற்குள் காற்று சொன்னது. கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, திரை மொத்தமும் என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் குடையோடு அதற்குள் மாட்டிக்கொண்டு கையையும் காலையும் ஆட்டினார். மீன்கார அக்கா இழுத்து விட்டதும் தலைமுடி கலைந்து வெளியே வந்தார். எதிரே இரண்டு முழ தூரத்தில் உம்மா. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமியாரும் மருமகனும் நேரே பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

உம்மா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளைக்கு அடி எதுவும் பட்டுச்சான்னு கேளு.”

அவர் என்னைப் பார்த்து, “ஒண்ணும் இல்லேன்னு சொல்லு,” என்றார்.

“இது என்னா வத்தையா, தந்தி ஆபீசா?” என்றார் வத்தைக்காரர். உம்மாவின் துப்பட்டி லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. திரையைச் சுருட்டி வைக்க அவர் மறுப்புச் சொல்லவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது தீவு வந்தது. எனக்குப் பகீரென்றது. தட்டையாக, தண்ணீருக்கு மேல் ஒரு ஆள் உயரம்கூட இல்லாமல் கிடந்தது. ஒரு தென்னை மரம் இல்லை. தாழம்புதரும் முள்மரமும்தான். நாங்கள் இறங்கிய வடகரையில் கடற்பாசியும் தாழையும் சேர்ந்து அழுகி, பழுப்பு நிறத்தில் கணுக்கால் ஆழத்துக்குக் குவிந்திருந்தது. கால் வைத்தால் சொதசொதவென்று உள்ளே போனது.

“நான் சொல்லல?” என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பூட்ஸையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அதைச் சொன்ன அழகு இருக்கிறதே! “கல்கிசைக்குப் பக்கத்துல வருமா இது?”

“ஆம்பளையெல்லாம் இங்கனயே இருங்க,” என்றார் மீன்கார அக்கா. “பொம்பளைய என் பின்னால வாங்க.”

புதர்களுக்கு நடுவே ஒற்றையடித் தடம் இருந்தது. முள் துப்பட்டியைப் பிடித்து இழுத்தது. நூறு, நூற்றைம்பது அடி நடந்திருப்போம். புதர் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளிச்சம் அப்படி அடித்தது.

தென்கரை முழுக்க வெள்ளை. சீனி என்று சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை எனக்கு ஏற்கெனவே கெடுத்துவிட்டார்கள். மாவு என்றும் சொல்ல முடியாது. சிப்பியும் பவளப் பாறையும் வருஷக்கணக்காக அலையில் அரைபட்டுச் சேர்ந்த மணல். குனிந்து அள்ளினால் அதற்குள் சின்னச் சின்னதாக விரல் எலும்பு மாதிரி, பூ மாதிரி, காதுத்தோடு மாதிரி துண்டுகள். தண்ணீர் முதலில் நிறமே இல்லாமல் இருந்தது, அப்புறம் வெளிறிய பச்சை, அப்புறம் பாறை இருக்கிற இடத்தில் கறுப்புத் திட்டு, அதற்கும் அப்பால் மாடி ஜன்னலில் நான் பார்த்த நீலம். ஆனால் இந்தத் தடவை அது ஒரு சாண் இல்லை. தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாலும் முடியவில்லை.

கிழக்கு முனையில் மணல் நாக்கு மாதிரி நீண்டு கடலுக்குள் போயிருந்தது. அதில் போய் நின்றால் வலது பக்கமும் அலை, இடது பக்கமும் அலை. இரண்டும் வந்து காலடியில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நான் துப்பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த முனைவரை ஓடினேன். அதற்கு முன்னால் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. பத்து வயதாக இருக்கும்.

திரும்பிப் பார்த்தால் உம்மா தண்ணீரில் இருந்தார். முதலில் கணுக்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். ஒரு அலை வந்து முழங்கால்வரை நனைத்ததும், இனிமேல் தூக்கி என்ன பயன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழுத்துவரை தண்ணீர். அலை வரும்போதெல்லாம் “யா அல்லாஹ்!” என்று கத்துவார். போனதும் அடுத்த அலை எங்கே என்று பார்ப்பார். மீன்கார அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வரச் சொன்னால், “வாரேன், வாரேன், இன்னும் ஒண்ணு,” என்பார். ஒரு நாழிகைக்கு மேல் அந்த ‘இன்னும் ஒண்ணு’ முடியவில்லை.

ராத்தா மட்டும் பச்சைத் திரையைப் புதரில் கட்டி நிழல் செய்து, அதற்கடியில் உட்கார்ந்திருந்தாள். சிப்பி பொறுக்கிக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

உச்சிப்பொழுதில் எல்லாரும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்ட பிறகு, சாப்பிட வரச்சொல்லிக் குரல் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் தொலைவிலிருந்தே இருமிக்கொண்டு வந்தார். பூட்ஸைத் துடைத்து மறுபடி மாட்டியிருந்தார். கைலி, சட்டை, பூட்ஸ், குடை. வத்தைக்காரர் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்.

“கல்கிசையில பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாகளோ?” என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வெறுங்காலோடதான் நடப்போம். வெள்ளை மணலு உச்சி வெயில்லயும் சுடாது. பாரு!” என்று சொல்லி பூட்ஸைக் கழற்றினார். குடையை மடக்கி நட்டார். நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடி வைக்கவில்லை. “ஆத்தாடி!” என்று ஒரு குதி. இடது காலை வலது கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு குதி. அப்புறம் சுற்றுமுற்றும் பார்க்காமல் கடலை நோக்கி ஓடி, இடுப்பளவு தண்ணீரில் போய்த்தான் நின்றார்.

நிழலுக்கடியில் ராத்தா சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தனக்குள் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “சீனியைக் கொட்டிப் பரப்பியது போல். உச்சி வெயிலிலும் சுடாது.”

நான் திரும்பினேன். “அது எப்படி ஒனக்குத் தெரியும்?”

“அவுக எழுதுனாக,” என்றாள். கடிதத்தை ஒருவருக்கொருவர் காட்டுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. வெட்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்.

“தென்னை மரம் தண்ணியத் தொடுதா?” என்று கேட்டேன்.

“தொடுது.”

“ஞாயித்துக்கிழமை அஸர் தொழுதுட்டு?”

“காலாற நடந்தாக.” அவள் முகம் மெல்ல மாறியது. “ஒன்னையும் நெனச்சாகளா?”

“நெனச்சாக.”

இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம். அங்கே அவர் ஒரு காலைத் தூக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், கொஞ்சம் இங்கன வாரியளா?” என்று கூப்பிட்டேன்.

“சுடுது புள்ளே!”

“சுடாதுன்னு ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கியளே!”

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கரைக்கு வராமல், தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அலை சத்தத்தில் பாதி கேட்காததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கல்கிசைக்குப் போனதே இல்லை. கடையிலிருந்து ஏழெட்டு மைல்தான். காலையில் கடை திறந்தால் ராத்திரிவரை வேலை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு. அதில் துணி துவைத்துவிட்டுப் படுத்தால் எழுந்திருக்கத் தோன்றாது. கடைச் சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதில் கடற்கரைப் படம். அதைப் பார்த்துத்தான் எழுதினார்.

“ரெண்டு வருஷமா அந்தக் காலண்டர மாத்தலையா?” என்று கேட்டேன்.

“தேதியக் கிழிச்சு முடிஞ்சாலும் படத்த மட்டும் விட்டுட்டோம்.”

“ஏன் பொய் எழுதுனிய?”

“மெய்ய எழுதுனா என்னாத்த எழுத? துணிய மடிச்சேன். கேட்டவுகளுக்கு விரிச்சுக் காட்டுனேன். திரும்ப மடிச்சேன். இத ரெண்டு பக்கத்துக்கு எழுதுனா நீ வாசிப்பியா?”

நான் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த மனுஷர் இரண்டு வருஷம் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்காக நடந்திருக்கிறார்.

ராத்தாவுக்கு வேறு கேள்வி இருந்தது. அவள் நேராகக் கேட்கமாட்டாளே என்று நான் வாயைத் திறந்தேன். அவளே கேட்டுவிட்டாள். “எனக்கு வந்ததெல்லாம் நீங்க எழுதுனதா, தம்பி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “காக்காவுக்கு வாசிக்க வரும், எழுத வராது ராத்தா. ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டாரு. அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். நான் இங்க வந்துட்டேனா, அதான் ஆறு வாரமா கடுதாசி இல்ல. வேற ஆளுகிட்ட சொல்ல அவருக்கு மனசு வரலை.”

“எல்லாமே அவுக சொன்னதா?”

“கடற்கரை மட்டும் நான் சேத்தது. மத்ததெல்லாம் காக்கா சொன்னது. ஒரு எழுத்துக்கூட நான் கூட்டலை.”

“மத்ததுன்னா?”

இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனுஷருக்கு முகமெல்லாம் வேர்த்தது. “அத நான் எப்படிச் சொல்றது? எழுதி முடிச்ச ஒடனே மறந்துருவேன், ராத்தா. அல்லாஹ்மேல ஆணையா மறந்துருவேன்.”

மீன்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். ராத்தா துப்பட்டியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னம் சிவந்து, அந்த ‘மத்தது’ என்னவென்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உம்மா ஈரச் சேலையோடு தக்கடியைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், ஆனால் குரலை உயர்த்தி, “மாப்பிள்ளை, தண்ணிக்குள்ளயே நிக்காம வந்து சாப்புடுங்க. கால்ல தேங்கா எண்ணெ போட்டா எரிச்சல் போயிரும்,” என்றார்.

பழக்க தோஷத்தில் நான், “வந்து சாப்புடணுமாம்,” என்று ஆரம்பித்தேன்.

“எனக்குக் காது கேக்குது,” என்றார் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றோடு என் தந்தி உத்தியோகம் முடிந்தது.

சாப்பிட்ட பிறகு பெரியவர்கள் கண் அசந்தார்கள். நானும் அவரும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஈர மணலில் மட்டும் கால் வைத்து, கிழக்கு முனைவரை போனோம். அவர் இரண்டு அலையும் மோதுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“படத்துல இந்தச் சத்தம் தெரியலை,” என்றார்.

“தென்னை மரம்தான் இல்லை.”

“அது ஒரு குறையா?” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே குறையாகத் தெரியவில்லை.

அஸர் தொழுகையை மணலிலேயே தொழுதோம். பிறகு தெற்கேயிருந்து கடற்காற்று எழுந்தது. போகும்போது இரண்டு பாய் கட்டிய வத்தை, திரும்பும்போது ஒரே பாயில் இன்னும் வேகமாக வந்தது. வீட்டுக்கு வந்து துப்பட்டியை உதறினால் மூன்று பேருடையதிலிருந்தும் மணல் கொட்டியது. உம்மா அதைக் கூட்டி வெளியே போட மனமில்லாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். கேட்டால், “அடுத்த வீட்டுக்காரி நம்ப வேணாமா?” என்றார்.

அந்த வாரமே ராத்தா கொழும்புக்கு எழுதினாள். மேல்விலாசம் எழுதுவதற்கு மட்டும் என் வீட்டுக்காரரிடம் உறையைக் கொடுத்தாள், ஒட்டிவிட்டு. உள்ளே என்ன எழுதினாள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்: ‘கடற்கரை வேண்டாம். மற்றதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கையாலே எழுதுங்கள். எழுத்து எப்படி இருந்தாலும் வாசிப்பேன்.’

ஒன்றரை மாதம் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் மறுபடி கப்பல் ஏறுவதற்குப் பத்து நாள் முன்னால் வந்தது. ஒரு தாள். வரி கீழ்நோக்கிச் சரிந்து போயிருந்தது. எழுத்து பெரிது பெரிதாக, சில இடத்தில் திரும்பி நின்றது. மொத்தம் நாலு வரி. முதல் வரியை மட்டும் ராத்தா எனக்கு வாசித்துக் காட்டினாள்: ‘பழகுகிறேன். சிரிக்காதே.’ அவள் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எத்தனை தடவை பிரித்து மடித்தாளோ, மடிப்பில் கிழிந்துபோய் ஒட்டி வைத்தாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் பாஸ்போர்ட்டும் விசாவும் கெடுபிடியாகி, முதலில் என் வீட்டுக்காரரும், அவருக்குப் பின்னால் ராத்தாவின் மாப்பிள்ளையும் ஊரோடு வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ராமநாதபுரத்தில் ஒரு சின்னத் துணிக்கடை வைத்தார்கள். தீவுக்குப் போவது நிற்கவில்லை. மாசி பிறந்தால் உம்மாவுக்குக் கால் தரையில் நிற்காது. தெருவில் இன்னும் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ராத்தாவின் மாப்பிள்ளை முதல் தடவை எங்களோடு வந்த நாள் நினைவிருக்கிறது. தென்கரையைப் பார்த்ததும் என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் மணலையும் கடலையும் ஒரு தடவை பார்த்தார். “நல்லா இருக்கு,” என்றார். ஒரு தாழம்புதர் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்த உடனே தூங்கிப்போனார். அலை கத்தியது, உம்மா தண்ணீரில் கத்தினார், நாங்கள் முனைவரை ஓடி வந்தோம். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

“எழுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம்,” என்றாள் ராத்தா. நிழல் நகர்ந்து அவர் காலில் வெயில் படவும், தன் துப்பட்டியை எடுத்து மேலே போட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.